826, 16, 63

ஆடி மாசக் கடைசியில் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு போன். எடை மேடை வைத்திருக்கும் அண்ணாச்சி, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். "தம்பி, பெட்டிக்குள்ள டிக் டிக்குன்னு சத்தம் வந்துச்சு. பையன் பயந்துபோய் அணைச்சுப்புட்டான். இப்ப போட்டா டிஸ்க்கே இல்லைங்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

பெட்டி என்று அவர் சொன்னது ஒரு பழைய 486 கம்ப்யூட்டர். 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ரேம், கட்டளை அடித்து ஓட்டும் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.22. லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையை ஒரு ஐஎஸ்ஏ கார்டு (பழைய வகை ஸ்லாட்டில் செருகும் பலகை) வாங்கிக்கொள்ளும், கிளிப்பர் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல் அதை டிபிஎஃப் என்ற தரவுக் கோப்பில் பதிந்துவிட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு அடிக்கும். பருத்தி, மிளகாய் வத்தல், நிலக்கரி, செங்கல் என்று எது வந்தாலும் அதே சீட்டுதான். நிரலை எழுதிக்கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. புது கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று எல்லாரும் அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஆனால் புது கம்ப்யூட்டரில் ஐஎஸ்ஏ ஸ்லாட் கிடையாது, அந்தக் கார்டு இல்லாமல் அந்த நிரல் கிடையாது. கார்டு, மேடை, பிரிண்டர் எல்லாம் நன்றாக இருக்கும்போது டிஸ்க் ஒன்றுக்காக மொத்தத்தையும் தூக்கிப் போடுவது எனக்கும் சரியாகப் படவில்லை.

இரவிலும் லாரி வரும் என்பதால் அதை அவர்கள் அணைப்பதே இல்லை. மதர்போர்டில் இருந்த பீப்பாய் வடிவ பேட்டரி எப்போதோ கசிந்து செத்துப்போயிருக்கிறது, யுபிஎஸ் புண்ணியத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. ஒரு தடவை அணைத்ததும் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரல்) தன் அமைப்பையெல்லாம் மறந்துவிட்டது. அந்தக் காலத்து 486 பலவற்றில் டிஸ்க்கின் அளவை நாம்தான் சொல்ல வேண்டும், அதாவது எத்தனை சிலிண்டர் (தகடுகளில் உள்ள வட்டங்களின் அடுக்கு), எத்தனை ஹெட் (படிக்கும் முனை), ஒரு டிராக்கில் (ஒரு வட்டத்தில்) எத்தனை செக்டர் (துண்டு). டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிள் மங்கி வெளுத்திருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்பக்கத் தகட்டில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பென்சிலில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: 826, 16, 63. அதன் கீழே ஒரு தேதி, 1995-இல். எழுதியவர் யாரென்று தெரியாத அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று எண்களையும் பயாஸில் கொடுத்தேன், கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது.

826-ஐ 16-ஆலும் 63-ஆலும் பெருக்கினால் 8,32,608 செக்டர். ஒரு செக்டருக்கு 512 பைட், மொத்தம் 426 எம்பி. அண்ணாச்சியின் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலான தொழில் முழுக்க அதற்குள் அடங்கியிருக்கிறது.

முதல் வேலை, அதில் இருப்பதை அப்படியே எடுத்து வைப்பது. டிக் டிக் சத்தம் போடும் டிஸ்க்கில் வேறு எதையும் முயன்று பார்க்கக் கூடாது, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் டாஸின் ஸ்கேன்டிஸ்க்கை அதன்மேல் ஓட்டவே கூடாது. கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐடிஇ போர்ட் (பழைய டிஸ்க்குகளை மாட்டும் இணைப்பு) இன்னும் இருக்கும் என் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை ஓட்டினேன். யுஎஸ்பி அடாப்டர் போதாதா என்று கேட்கலாம். அந்த வயது டிஸ்க்குகளில் சிலவற்றுக்கு எல்பிஏ முறையே (செக்டர்களை ஒரே வரிசையில் எண்ணிக் கேட்பது) தெரியாது, அப்படிப்பட்ட டிஸ்க்கோடு பேச யுஎஸ்பி அடாப்டர்களுக்குத் தெரியாது. டிடிரெஸ்க்யூ முதலில் சுலபமாக வருவதையெல்லாம் அள்ளிக்கொள்ளும், அப்புறம்தான் கெட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து மறுபடி மறுபடி கேட்கும். அந்த வரிசை முக்கியம், ஏனென்றால் டிஸ்க் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். கடைசியில் 31 செக்டர் மட்டும் தேறவில்லை. அவை டாஸின் உதவிக் கோப்பு ஒன்றில் விழுந்திருந்தன. எடைக் கணக்கு முழுதாக வந்துவிட்டது.

சரி, இனி புது டிஸ்க்.

கையில் ஒரு 500 ஜிபி சாட்டா டிஸ்க் (ஐடிஇக்கு அடுத்து வந்த இணைப்பு) சும்மா கிடந்தது. ஐடிஇயிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்னப் பலகை ஒன்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து 486-இல் மாட்டி, பயாஸில் தானாகக் கண்டுபிடி என்று கொடுத்தேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான பேர் "டாஸுக்குப் பெரிய டிஸ்க் ஒத்துவராது" என்று முடிவு கட்டி எழுந்துவிடுகிறார்கள். அது டாஸின் குற்றம் இல்லை. அந்த நிமிஷம்வரை டாஸ் மெமரியில் ஏறவே இல்லை! மறுத்தது பயாஸ். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததே இதுதான். பழைய கம்ப்யூட்டருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மூன்று நான்கு அடுக்கு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை இருக்கிறது. எந்த அடுக்கு மறுக்கிறது என்று தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து "பழசு" என்று ஒதுக்கினால், உருப்படியான ஒரு மெஷின் காயலான் கடைக்குப் போய்விடும்.

முதல் அடுக்கு பயாஸுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே. டாஸ் ஒரு செக்டர் வேண்டுமென்றால் இன்டரப்ட் 13எச் என்ற வாசலில் போய்ப் பயாஸிடம் கேட்கும். அந்தக் கேள்வியை ஒரு படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட் கட்டம், ஹெட்டுக்கு 8, செக்டருக்கு 6. பயாஸ் அதை வாங்கி ஐடிஇ டிஸ்க்கிடம் இன்னொரு படிவத்தில் எழுதிக் கொடுக்கும். அந்தப் படிவத்தில் சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4, செக்டருக்கு 8. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தாராளம்தான். முதல் படிவத்தில் 8 ஜிபிக்கு மேல் எழுதலாம், இரண்டாவதில் 137 ஜிபிவரை எழுதலாம். ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் அப்படியே நகல் எடுத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எது சின்னதோ அதுதான் மிஞ்சும்: 10, 4, 6. செக்டர் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் 64 இல்லை, 63. ஆக 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கினால் 52,84,82,304 பைட். 1990-களின் நடுவில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேள்விப்பட்டிருக்கும் 528 எம்பி எல்லை, அல்லது டாஸ் எண்ணும் கணக்கில் (1 எம்பிக்கு 1024 × 1024 பைட்) 504 எம்பி எல்லை, இதுதான். யாரும் 504 போதும் என்று உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. தனித்தனியாகப் போட்ட இரண்டு நல்ல படிவங்கள் சந்தித்த இடத்தில் தானாக விழுந்த எண் அது.

இன்றைய டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பழைய முறையில் கேட்டால் 16,383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்றுதான் சொல்லும். 8.4 ஜிபிக்கு மேற்பட்ட எல்லா டிஸ்க்குக்கும் இதே பதில்தான், 20 ஜிபியோ 2 டிபியோ. அண்ணாச்சியின் பயாஸ் 1024 தாண்டிய ஒரு எண்ணை அதுவரை பார்த்ததில்லை போல, அதனால் உறைந்துவிட்டது. தானாகக் கண்டுபிடிப்பதை நிறுத்திவிட்டு, நானே 1024, 16, 63 என்று கையால் கொடுத்தேன். எழுந்துவிட்டது. டிஸ்க்கைப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக வெட்டும் எஃப்டிஸ்க்கை ஓட்டினால் 500 ஜிபி டிஸ்க்கில் 504 எம்பி காட்டியது. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி பையன், "அண்ணே, மீதியெல்லாம் வீணாத்தான போகுது" என்றான். வீணாகப் போகட்டும்டா தம்பி, இதுவரைக்கும் உங்களுக்கு இருந்ததே 426 தானே என்றேன்.

உண்மையில் அங்கேயே நிறுத்தியிருக்கலாம், பல பேருக்கு அதுவே போதும். ஆனால் எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, இப்படிச் சிலிண்டர், ஹெட் கணக்கில் கேட்கும் முறையை ஐடிஇ டிஸ்க்குகளுக்கான ஏடிஏ தரத்தின் ஆறாவது பதிப்பிலேயே கைவிட்டுவிட்டார்கள். இந்த டிஸ்க் இன்னும் பதில் சொல்கிறது, நாளைக்கு மாற்றும் டிஸ்க் சொல்லும் என்று நிச்சயமில்லை. இரண்டாவது, சுழலும் டிஸ்க்கை மறுபடியும் அந்தப் புழுதிக்குள் வைக்க எனக்கு மனசில்லை. எடை மேடை அறையில் நாள் முழுக்க லாரி ஓரமாக நின்று உறுமும், தரையே அதிரும்.

அதனால் சிஎஃப் கார்டுக்கு மாறினேன். கேமராவில் போடுவோமே, அந்த காம்பாக்ட் ஃப்ளாஷ். அது பார்க்கத்தான் கார்டு, உள்ளுக்குள் முழு ஐடிஇ டிஸ்க்போல நடந்துகொள்ளும். ஐடிஇ கேபிளில் மாட்ட ஒரு மாற்றுப் பலகை வேண்டும், அதில் சிப் எதுவும் இருக்காது, கம்பிகளை இடம் மாற்றிக் கொடுப்பது மட்டும்தான். அசையும் பாகம் இல்லை, சத்தம் இல்லை, சூடு இல்லை. பெட்டியின் பின்பக்கம் ஸ்லாட்டில் பொருத்தும்படியான பலகை கிடைத்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கார்டை வெளியிலிருந்தே உருவிக்கொள்ளலாம். ஓடும்போது உருவக் கூடாது. இதை மட்டும் அண்ணாச்சியிடம் நாலு தடவை சொன்னேன்.

பயாஸ் எல்லைக்கு மருந்து இன்னொரு பயாஸ்தான். எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்று ஒரு திறமூல நிரல் இருக்கிறது, பழைய கம்ப்யூட்டர்மேல் பிரியம் உள்ளவர்கள் பல வருஷமாக எழுதி வளர்த்துவருவது. மொத்தமே 8 கேபி அளவில் அடங்கும். அதை ஒரு ரோம் சிப்பில் எழுதிக் கம்ப்யூட்டரில் எங்காவது செருக வேண்டும். எங்கே செருகுவது? பழைய ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டுகளில் பூட் ரோமுக்கென்று 28 கால் சாக்கெட் ஒன்று காலியாகக் கிடக்கும், நெட்வொர்க் வழியாக எழுப்ப வைத்தது. அதில் செருகினால் போதும், நெட்வொர்க்கே வேண்டாம். கம்ப்யூட்டர் எழும்போது பயாஸ் மேல் மெமரியில் தேடிக்கொண்டே போகும், ஒரு இடத்தில் 55, ஏஏ என்ற இரண்டு பைட்டைப் பார்த்து, அடுத்த பைட்டில் சொன்ன நீளத்துக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகையின் கடைசி பைட் சுழியமாக வந்தால் அந்த ரோமை நம்பி அதன் கையில் பொறுப்பைக் கொடுக்கும். 1980-களில் போட்ட இந்த ஏற்பாடு எவ்வளவு தாராளமானது என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் யாரோ, எதற்கோ, என்னவோ கொண்டுவருவார்கள் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து அந்த வாசல் வழியாகத்தான் நாம் உள்ளே போகிறோம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. ரோமில் எழுதுவதற்கு முன்னால் அதனோடு வரும் அமைப்பு நிரலில் திறந்து, நம் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி வைத்துச் சேமிக்க வேண்டும், அந்தக் கூட்டல் கணக்கை அதுதான் சரிசெய்து தரும். 386-க்கு மேற்பட்டதற்குத் தனிக் கோப்பு இருக்கிறது. அப்புறம் மதர்போர்டு பயாஸில் டிஸ்க் எதுவும் இல்லை என்று வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே டிஸ்க்குக்கு உரிமை கொண்டாடுவார்கள். மேல் மெமரியை நிர்வகிக்கும் ஈஎம்எம்386 போட்டிருந்தால் ரோம் உட்கார்ந்திருக்கும் இடத்தை விலக்கச் சொல்லிவிடுவது நல்லது. என் ரோம் சி800-இல் இருந்தது, 8 கேபி, அதனால் எக்ஸ்=சி800-சி9எஃப்எஃப் என்று கான்ஃபிக் கோப்பில் சேர்த்தேன். ரோம் எழுதும் கருவி இல்லாதவர்களுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு வழி இருந்தது. ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்றவை டிஸ்க்கின் முதல் செக்டரில் உட்கார்ந்து டாஸுக்கு முன்னால் ஏறிக்கொள்ளும். வேலை செய்யும், ஆனால் யாராவது தெரியாமல் எஃப்டிஸ்க் /எம்பிஆர் (முதல் செக்டரில் உள்ள எழுப்பும் நிரலை மாற்றி எழுதும் கட்டளை) அடித்துவிட்டால் கதை முடிந்தது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த அடுக்கு டாஸும், எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று அட்டவணை வைக்கும் அதன் ஃபேட் முறையும். இங்கேதான் டாஸுக்கே உரிய எல்லைகள் வருகின்றன. ஐபிஎம் பிசி வந்த 1981-இல் டாஸுக்கு ஹார்டு டிஸ்க் என்றால் என்னவென்றே தெரியாது. 1983-இல் 10 எம்பி டிஸ்க்கோடு பிசி/எக்ஸ்டி வந்தபோது, டாஸ் 2.0 அதைப் புரிந்துகொண்டது, உள்கோப்புறைகளும் அப்போதுதான் வந்தன. பார்ட்டிஷனில் எத்தனை செக்டர் என்பதை 16 பிட்டில் எழுதினார்கள், அதனால் 65,535 செக்டருக்கு மேல் போக முடியாது, 32 எம்பி. 1987-இல் வந்த 3.3, டிஸ்க்கைப் பல 32 எம்பித் துண்டுகளாக வெட்டிக்கொள்ள விட்டது. அதே வருஷம் காம்பாக் நிறுவனம் தன் டாஸ் 3.31-இல் செக்டர் எண்ணை 32 பிட்டாக்கியது, மறு வருஷம் டாஸ் 4 அதை எல்லாருக்கும் கொண்டுவந்தது. (மைக்ரோசாஃப்ட் 2024 ஏப்ரலில் 4.00-இன் மூலநிரலையே எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. அசெம்பிளி படிக்கத் தெரிந்தவர்கள் அவசியம் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.) அதோடு எல்லை 2 ஜிபிக்கு நகர்ந்தது. ஃபேட்16-இல் 65,524 க்ளஸ்டர்தான் (கோப்புக்கு இடம் ஒதுக்கும் குறைந்தபட்ச அலகு) இருக்கலாம், டாஸ் அனுமதிக்கும் பெரிய க்ளஸ்டர் 32 கேபி, பெருக்கினால் 2 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே.

2 ஜிபி எடுக்கலாம் என்பதற்காக 2 ஜிபி எடுக்கத் தேவையில்லை. க்ளஸ்டர் 32 கேபி என்றால் நூறு பைட் கோப்புகூட 32 கேபியை அடைத்துக்கொள்ளும். டாஸ் உலகத்தில் எல்லாமே சின்னச் சின்னக் கோப்பு, ஆயிரம் கோப்புக்கு 32 எம்பி காணாமல் போய்விடும். 512 எம்பிக்குள் நின்றால் க்ளஸ்டர் 8 கேபி, 256-க்குள் நின்றால் 4. நான் 4 ஜிபி கார்டில் 500 எம்பியை சி-க்கும், இன்னொரு 500 எம்பியை டி-க்கும் வெட்டிவிட்டு மீதியைத் தொடவில்லை.

வெட்டுவதில் ஒரு தப்புச் செய்தேன், இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இங்கே மாட்டுவார்கள். சோம்பலில் முதல் தடவை கார்டை லேப்டாப்பின் கார்டு ரீடரில் போட்டு அங்கேயே பார்ட்டிஷன் போட்டு, கோப்புகளையும் ஏற்றி எடுத்துப் போனேன். 486-இல் மாட்டினால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கியது. ஏனென்றால் டாஸ் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இந்த டிஸ்க்குக்கு எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று எழுதியிருக்கும், எழும்போது டாஸ் அதை நம்பித்தான் அடுத்த கோப்பைத் தேடும். லேப்டாப் அங்கே 255 ஹெட் என்று எழுதியிருந்தது, 486-இல் இருக்கும் பயாஸ் கார்டை வேறு கணக்கில் பார்த்தது. வீடு அதேதான், கதவு எண் மாறிவிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் ஓடப்போகிறதோ அதிலேயே, டாஸ் ஃப்ளாப்பியில் எழுப்பி, எஃப்டிஸ்க் போட்டு, ஆக்டிவ் என்று குறித்து, ஃபார்மேட் சி: /எஸ் அடித்து, கேமராக் கார்டாக இருந்தால் எஃப்டிஸ்க் /எம்பிஆர்-உம் ஒரு தடவை கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் கோப்புகளை எங்கே வைத்து ஏற்றினாலும் பரவாயில்லை.

504 தாண்டியதும் அடுத்த சுவர் 8.4 ஜிபி. இது பயாஸ் படிவத்தில் மட்டும் இருப்பது, 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டர். கட்டத்தில் 256 ஹெட் எழுத இடம் இருக்கிறதே என்றால், டாஸ் ஹெட் எண்ணிக்கையை ஒரே பைட்டில் வைத்துக்கொள்கிறது, 256 அதில் சுழியம் ஆகி எழும்போதே படுத்துவிடும். அதனால் பயாஸ் செய்பவர்கள் எல்லாரும் 255-இல் நின்றுகொண்டார்கள். 6.22 என்ன செய்தாலும் இந்தச் சுவரைத் தாண்டாது, அதற்குப் பழைய படிவம் மட்டும்தான் தெரியும். பயாஸில் வந்த புது நீட்டிப்புகளைப் பேசத் தெரிந்த முதல் டாஸ், விண்டோஸ் 95-க்குள் இருந்த 7.0. 1996-இல் வந்த 7.1 ஃபேட்32-உம் படித்தது. இன்று அதற்குச் சட்டப்படியான நல்ல மாற்று ஃப்ரீடாஸ். ஜிம் ஹால் 1994-இல் தொடங்கியது, இன்னும் உயிரோடு இருக்கிறது, 2025-இல்கூட 1.4 வந்தது. பெரிய டிஸ்க்கில் டாஸ் ஓட்ட ஆசைப்படுபவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

137 ஜிபி சுவர் ஒன்றுதான் எனக்குப் பயம் தருவது. மற்ற சுவர்கள் முட்டினால் நின்றுவிடும். இது நிற்காது. எல்பிஏ எண் 28 பிட்டாக இருந்த காலத்துப் பயாஸ், அதற்கு மேற்பட்ட செக்டரைக் கேட்டால் மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு மறுபடி டிஸ்க்கின் தொடக்கத்துக்கே வந்து எழுதலாம். பல வருஷம் முன்னால் ஒரு பென்டியம் 3-இல், வேறு கம்ப்யூட்டரில் பார்ட்டிஷன் போட்ட 160 ஜிபி டிஸ்க்கை மாட்டி, எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறதே என்று நம்பிக் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டே போனேன். டிஸ்க் நிறைய நிறைய ஒன்றும் தெரியவில்லை. எல்லை தாண்டிய அன்றைக்கு ஃபேட் அட்டவணைமேலேயே எழுதிவிட்டது. என் அக்கா கல்யாணப் புகைப்படங்கள் அதில் இருந்தன, பாதிதான் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து பழைய போர்டில் பெரிய டிஸ்க் போட்டால் முன்பக்கம் கொஞ்சத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, பின்னால் பார்ட்டிஷனே போடாமல் விட்டுவிடுகிறேன்.

வீட்டில் எனக்கென்று ஒரு டாஸ் மெஷின் இருக்கிறது, 2010 வாக்கில் வந்த சாட்டா போர்டு, 1 டிபி டிஸ்க், ஃப்ரீடாஸ். அதில் முதலில் முழு டிஸ்க்கையும் ஒரே ஃபேட்32 பார்ட்டிஷனாகப் போட்டுப் பார்த்தேன். நடக்கிறது. ஆனால் 32 கேபி க்ளஸ்டர் வைத்தாலே மூன்று கோடிக்கு மேல் க்ளஸ்டர், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், அட்டவணை மட்டுமே 120 எம்பிக்கு மேல். காலி இடம் எவ்வளவு என்று டாஸ் எண்ண ஆரம்பித்தால் அத்தனையையும் படித்தாக வேண்டும், கோப்புப் பட்டியல் காட்டும் டிர் கட்டளையை முதல் தடவை அடித்துவிட்டுக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது. பழைய மென்பொருள்களின் இன்ஸ்டாலர்கள் வேறு குழம்பிவிடும். காலி இடம் 2 ஜிபிக்கு மேல் இருந்தால் சில நிரல்களுக்கு அந்த எண் எதிர்மறையாகத் தெரியும், "இடம் போதவில்லை" என்று சொல்லி வெளியே போய்விடும். இப்போது முன்பக்கம் 2 ஜிபி ஃபேட்16, அடுத்து 32 ஜிபி ஃபேட்32, அவ்வளவுதான் வைத்திருக்கிறேன். அப்புறம் எல்லாம் சுகம்.

இந்த 1 டிபி டிஸ்க்கில் இன்னொரு அழகான விஷயம் கண்டுபிடித்தேன். 2011 வாக்கிலிருந்து வரும் டிஸ்க்குகளுக்குள் செக்டர் உண்மையில் 4096 பைட், வெளியே 512 என்று வேஷம் போடுகின்றன. நாம் எழுதும் க்ளஸ்டர் அந்த 4096 எல்லையில் பொருந்தவில்லை என்றால் டிஸ்க் முழுச் செக்டரையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும், வேகம் படுத்துவிடும். டாஸ் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கும், 63 எட்டால் வகுபடாது, அதனால் 2048-இல் தொடங்குங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு நாள் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 2 ஜிபி ஃபேட்16-இல் கோப்புகள் பார்ட்டிஷன் தொடக்கத்திலேயே ஆரம்பிப்பதில்லை. முதலில் பூட் செக்டர் 1, அப்புறம் அட்டவணை இரண்டு பிரதி, 256 வீதம் 512, அப்புறம் ரூட் டைரக்டரி 32. அதாவது 63, 1, 512, 32, கூட்டினால் 608. எட்டால் வகுத்தால் சரியாக 76! தப்பு என்று எல்லாரும் சொல்லும் பழைய இடத்தில் தொடங்கினால்தான் கோப்புகள் புது டிஸ்க்கின் எல்லையில் கச்சிதமாக உட்காருகின்றன. 2048-இல் தொடங்கி, பூட் செக்டரை ஒன்றாகவே விட்டால் 2593, ஒற்றைப்படை, பொருந்தாது. ஃபேட்32-க்கு இந்தக் கணக்கு வேறு, முன்னால் ஒதுக்கும் செக்டர்களின் எண்ணிக்கையை வைத்துச் சரிசெய்யலாம். இது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

வெளியேயும் 4096 என்றே சொல்லும் டிஸ்க்குகளும் உண்டு, பெரிய டிஸ்க் போட்ட சில யுஎஸ்பி பெட்டிகளும் அப்படிச் சொல்லும். அவை டாஸுக்கு வேண்டாம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கும் வேண்டாம், பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் 32 பிட்டுக்கு மேல் எழுத இடமில்லை. புது போர்டு வாங்கி டாஸ் போட நினைப்பவர்கள் பழைய பயாஸ் முறை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டும் உள்ள போர்டில் இன்டரப்ட் 13எச் என்ற வாசலே கிடையாது, எந்த டிஸ்க் போட்டாலும் டாஸ் எழாது.

எடை மேடைக்குத் திரும்புவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி குறைவாக வரும் நேரத்தில் மாற்றினோம். செத்த பேட்டரியை வெட்டி எடுத்து, கசிந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, மூன்று பேட்டரி போடும் டப்பா ஒன்றை வெளியே இழுத்து வைத்தேன். போர்டு அந்த டப்பாவுக்கே சார்ஜ் ஏற்றப் பார்க்காமல் இருக்க நடுவில் ஒரு டையோடு. ரோம் தன் பெயரைக் காட்டியது, சி-யைக் கண்டுபிடித்தது, டாஸ் எழுந்தது. கரண்ட் போய்ப் போய் வரும் இடம் என்பதால் டாஸின் டிஸ்க் கேஷான ஸ்மார்ட்டிரைவுக்கு /எக்ஸ் போட்டுவிட்டேன், எழுத வேண்டியதை மெமரியில் வைத்துக்கொண்டு தள்ளிப்போடாமல் உடனே கார்டில் எழுதிவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு டிபிஎஃப் கோப்புகளை டி-க்கு நகல் எடுக்கும் ஒரு பேட்ச் கோப்பை அண்ணாச்சி பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே கார்டுக்குள் எடுக்கும் நகலை நான் முழுசாக நம்புவதில்லை, அதனால் இன்னொரு 4 ஜிபி கார்டை அச்சு அசலாகப் பிரதி எடுத்து மேஜை டிராயரில் வைத்தோம், மாசம் ஒரு தடவை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

நாலு மணிக்கு மிளகாய் வத்தல் ஏற்றிய ஒரு லாரி வந்தது. எடை விழுந்தது, சீட்டு வந்தது. அண்ணாச்சி சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லையே தம்பி, ஓடுதா?"

மூடியைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பழைய துண்டுக் காகிதத்துக்குக் கீழே புதிதாக ஒன்று ஒட்டினேன். போர்டு பயாஸில் டிஸ்க் இல்லை என்று வை. ரோம் நெட்வொர்க் கார்டில் இருக்கிறது, முகவரி சி800. கார்டு 4 ஜிபி, சி 500, டி 500, பார்ட்டிஷன் இந்தப் பெட்டியிலேயே போட்டது. மாற்றுக் கார்டு மேஜை டிராயரில். கீழே தேதி. பேனா மை வெளுத்துவிடும் என்று நானும் பென்சிலிலேயே எழுதினேன்.